தாணுமாலையன் டாக்சியின் சிவப்பு விளக்கு

தம்பானூர் டாக்சி நிலையத்தில் தாணுமாலையனின் வண்டியிலிருந்து பாட்டரியைக் கழற்றித் தரையில் வைத்த பிறகும் வண்டிக்குள் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இது 1971இல், மழை தொடங்கிய வாரத்தில் நடந்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் பட்டாணி அளவில் இருக்கும் அந்த விளக்கு, டைனமோ பாட்டரிக்குச் சார்ஜ் ஏற்றாவிட்டால் எரிய வேண்டும், ஏற்றினால் அணைய வேண்டும். அதற்கு வேறு வேலை கிடையாது. பதினைந்து வருடப் பழைய வண்டி என்பதால் மெக்கானிக் யோசுவா முதலில் டைனமோவை மாற்றினார், பிறகு வயர்களை மாற்றினார், கடைசியில் பல்பையே பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பல்ப் இருந்த வெறும் துளை சிவப்பாக எரிந்தது.

"வண்டிக்கு ஒரு குழப்பமும் இல்ல அண்ணாச்சி," என்றார் யோசுவா. "எங்கியோ சார்ஜ் ஏறல்லன்னு சொல்லுது. எங்கேன்னு சொல்ல அதுக்கு வாயில்ல."

தாணுமாலையன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஏறுகிறவர்கள் எல்லாம் விளக்கைப் பற்றிக் கேட்டு நச்சரித்ததால், ஆயுதபூஜை அன்று வண்டிக்குச் சந்தனம் பூசியபோது அந்த இடத்தில் கட்டியாக அப்பி நடுவில் குங்குமம் வைத்தார். காய்ந்து உதிர்ந்தால் மறுபடி அப்புவார். உள்ளிருந்து சிவப்பு கசிவதைக் கண்ட பயணிகள் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஆறு வருடம் இப்படிப் போயிற்று. கண்ணை மூடிக்கொள்ள மனிதனுக்கு எத்தனையோ வழி உண்டு, பக்தியைப் போல வசதியானது வேறில்லை.

அவர் மனைவி ஜெயபாய் தம்பானூரில் ஒரு ஓட்டலில் மாவாட்டினாள். இருவரும் கரமனை வீட்டிலிருந்து காலையில் ஒரே இடத்துக்குத்தான் போனார்கள். அவர் காலி வண்டியில் போவார், அவள் நடந்து போவாள். முதல் போணி வெளியாளாக இருக்க வேண்டும், வீட்டு ஆள் ஏறினால் அன்றைய சவாரி விளங்காது என்பது டிரைவர்களின் வழக்கம். அதை யாரும் கொடுமை என்று நினைக்கவில்லை, ஜெயபாயும் நினைக்கவில்லை. வழியில் கிள்ளிப்பாலத்தில் அவளைக் கடக்கும்போது அவர் ஒருமுறை ஹாரன் அடிப்பார். அதையே அன்பு என்று இருவரும் எடுத்துக்கொண்டார்கள். இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது.

1977இல் கர்க்கடகம் என்னும் ஆடி மாத மழையில் ஒரு காலை, போணிக்காகக் காத்து நின்றபோது சந்தனக் கட்டி வெடித்து விழுந்தது. சிவப்பு வெளிச்சம் வண்டியை நிறைத்து, எதிரே பஸ் நிலையச் சுவர் வரை போயிற்று. அந்நேரம் ஓட்டல்காரர் வந்து, ஜெயபாய் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டார். தாணுமாலையனுக்கு அப்போதுதான் உறைத்தது. போணி ஆகாத வண்டியைத் திருப்பினார். அன்றும் ஹாரன் அடித்துக் கடந்து வந்த அதே கிள்ளிப்பாலத்தில், உதடு வெளுத்து, எழ முடியாமல் அவள் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எத்தர நாளா இப்பிடி?"

"மூச்சு வாங்கத் தொடங்கி ஆறு வருசமாச்சு."

"ஏன்டி சொல்லல்ல?"

"நீங்க கேக்கல்லியே. போணி ஆச்சா? இல்லன்னா நான் ஏறப்பிடாது. நடந்திருவேன், நீங்க போங்க."

அவர் அழுதுகொண்டே அவளைத் தூக்கி முன்சீட்டில் உட்கார வைத்தார். உடம்பில் பாதி ரத்தம்கூட இல்லை, இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர்.

மூன்று வாரம் கழித்து அவள் வீடு திரும்பினாள். வண்டியில் அவள் உட்கார்ந்திருந்தால் ஓட ஓட விளக்கு மங்குவதை அவர் கவனித்தார். அதன்பின் தினமும் காலையில் அவள்தான் முதல் போணி. விளக்கு அணையும்வரை சங்குமுகம் கடற்கரைப் பக்கம் ஓட்டிப் போவார். முதல் நாள் பதினொரு கிலோமீட்டர் ஆயிற்று, ஒரு வருடத்தில் நான்காகக் குறைந்தது. சவாரி கெடவும் இல்லை, கூடவும் இல்லை. "இன்னைக்கு எத்தர கிலோமீட்டர்?" என்று மட்டும் மற்ற டிரைவர்கள் கேட்பார்கள்.

1982இல் வண்டியைப் பரிசோதித்த அதிகாரி சேஷன், இன்ஜின் ஓடும்போதும் விளக்கு எரிவதைக் கண்டு டைனமோ போய்விட்டதா என்று கேட்டார்.

"இல்ல சார். வீட்டுக்காரி தங்கச்சிக்குப் பேறு. ரெண்டு நாளா இவ கூட இருந்து உறங்கல்ல."

சேஷன் விளக்கைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்போ முதல்ல அவாளைக் கூட்டிண்டு ஒரு சுத்து போயிட்டு வாரும். நான் இங்கதான் இருப்பேன்," என்றார். பிறகு படிவத்தில், எச்சரிக்கை விளக்கு என்ற இடத்துக்கு நேரே, நன்றாக வேலை செய்கிறது என்று எழுதிக் கையெழுத்திட்டார்.