காலி டிரே

செலினின் வீட்டில் பூனைகள் மலஜலம் கழிக்க வைத்த மணல் டிரேக்களில் எது காலியாகக் கிடக்கிறதோ அதில், விடிவதற்குள் ஒரு பூனை வந்து உட்கார்ந்திருக்கும். வாசல் வழியாகவோ ஜன்னல் வழியாகவோ வருவதில்லை. மணலிலிருந்தே வரும். வந்ததும் பசிக்கும்.

பூனைகளை விட ஒரு டிரே கூடுதலாக இருக்க வேண்டும் என்பது கால்நடை டாக்டர் சபிதாவின் கண்டிப்பான விதி. அதனால் செலின் புதுப் பூனைக்குத் தட்டு வைத்த கையோடு கடைக்குப் போய் இன்னொரு டிரே வாங்கி வருவாள். மறுநாள் அதிலும் ஒன்று உட்கார்ந்திருக்கும்.

தூத்துக்குடியில் செலினும் கணவரும் இருந்தது சின்ன வீடு. சாப்பிடும் இடமும் மணலும் பக்கத்தில் இருக்கக்கூடாது. ஒரு பூனை சாப்பிடுவதை இன்னொன்று பார்க்கக்கூடாது. இவையும் டாக்டர் சொன்னவைதான். பீரோ மேல், அலமாரிக்குள், தையல் மிஷினுக்கு அடியில் என்று தட்டுகளை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே இருந்தாள். கடைசி டிரேயில் கழிவை அள்ளி முடிக்கும்போது முதல் டிரே அவளுக்காகக் காத்திருக்கும். நின்றபடியே சாப்பிட்டாள். ஜெபத்தைக்கூட நடந்துகொண்டே சொன்னாள்.

ஒருமுறை கூடுதல் டிரேயை மாடியில் கொண்டுபோய்க் கவிழ்த்துவிட்டாள். எல்லாப் பூனைகளும் அது இருந்த இடத்தைச் சுற்றி உட்கார்ந்துகொண்டன. எதுவும் தட்டை முகரவில்லை. செவலைக் கடுவன் பூனை முக்கி முக்கிப் பார்த்தது. ஒரு சொட்டு வரவில்லை. கடுவனுக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் போனில் சொல்ல, செலின் ஓடிப்போய் டிரேயை எடுத்து வந்து வைத்தாள். கடுவன் உடனே அதில் ஏறி ஒன்றுக்குப் போனது. காலையில் அந்த டிரேயில் ஒரு சாம்பல் நிறப் பூனை இருந்தது.

அதற்கு அடுத்த டிரே வைக்கக் கட்டிலை வெளியேற்ற வேண்டியிருந்தது.

"நான் எங்க படுக்கட்டும் செலின்?" என்று கேட்டார் அவள் கணவர் பெர்க்மான்ஸ்.

அவள் வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். எங்கும் டிரேயும் தட்டும்தான். அவர் தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு மணப்பாட்டில் இருக்கும் தம் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். அன்று அவள் எல்லா டிரேக்களையும் தேவைக்கு மேல் அள்ளினாள்.

ஞாயிறு பூசை முடிந்து அவர் சட்டை எடுக்க வந்தார். கூடுதல் டிரே வாசற்படிக்கு உள்ளேதான் இருந்தது. கால் வைக்க வேறு இடமில்லாமல் அதிலேயே ஏறி நின்றார். மணல் நெறுநெறுத்தது.

"அசையாதீங்க" என்றாள் செலின்.

அவர் அசையவில்லை. "இதுலயே உட்காந்துக்கிடட்டுமா?" என்று கேட்டார். உட்காரச் சொன்னாள். அவர் அங்கேயே இருந்துவிட்டார். காலையில் புதுப் பூனை இல்லை. செலின் வெகுநாளைக்குப் பிறகு தரையில் உட்கார்ந்து காபி குடித்தாள். காபி பாதியில் இருக்கும்போதே எழுந்து டாக்டருக்குப் போன் செய்தாள்.

அவரையும் பூனைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்றார் டாக்டர்.

செலின் கடைக்குப் போய் ஒரு டிரே வாங்கி வந்து அவருக்குப் பக்கத்தில் வைத்தாள். மறுநாள் காலை அதில், வேட்டி கட்டிய, முன்பின் தெரியாத நடுத்தர வயதுக்காரர் ஒருவர், மழுங்கச் சவரம் செய்த முகத்தோடு சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். செலின் இட்லி அவித்தாள். ஒருவர் சாப்பிடுவது மற்றவருக்குத் தெரியாதபடி, ஒரு தட்டைக் கதவுக்கு இந்தப் பக்கமும் மற்றதை அந்தப் பக்கமும் வைத்தாள்.