தேய்க்காத கூரை

மார்லிஸ் அந்தக் கூரையை ஒருநாளும் துடைத்ததில்லை. துடைப்பதாவது! அதை நிமிர்ந்து பார்த்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். விவாகரத்தில் திறந்த கார் டுவெய்னுக்குப் போய்விட்டது. பனிக்காலத்தில் அதன் மேல் மாட்டுகிற கெட்டிக் கூரை மட்டும் அவள் காரேஜ் உத்தரத்தில் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. டுவெய்ன் கேட்டுப் பார்த்தான், கெஞ்சிப் பார்த்தான், கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில்கூட எழுதிக் கேட்டான். அவள் பழைய மெத்தை விரிப்பு ஒன்றை அதன்மேல் போட்டு மூடினாள், அத்தோடு சரி.

இப்போது வீட்டை விற்றாகிவிட்டது. லான்சிங்கில் பார்த்திருக்கும் ஃபிளாட்டில் காரேஜ் கிடையாது. ஃபிளின்டில் ஒரு பழைய கார் பாகக் கடைக்காரர் கூரையை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். ஆனால் அவர் அதிலுள்ள அலங்காரப் பட்டைகளைப் பிடுங்கித் தனித்தனியாக விற்பவர். அதைக் கேட்டதும் அவள் போனை வைத்துவிட்டாள். ஏன் என்று அவளுக்கே புரியவில்லை. கடைசியில் டுவெய்னையே கூப்பிட்டாள்.

"ஞாயித்துக்கிழமை ஏரிக்கரைல கார் ஷோ. அங்கயே கொண்டு வந்துடேன்." டுவெய்ன் அவசரமாகச் சொன்னான்.

"குடுக்கறேன்னு நான் இன்னும் சொல்லல. மாட்டிப் பாப்போம். அப்புறந்தான் முடிவு."

ஏரிக்கரைப் புல்வெளியில் அவனுடைய கார் நின்றது. சட்டைப் பையில் வழக்கமான மஞ்சள் துணி, டிக்கியில் வழக்கமான பாலிஷ் டப்பாக்கள். கல்யாண நாளன்றுகூடக் காரைத் தேய்த்துக்கொண்டிருந்த மனுஷன். அந்தத் துணியைத் தொட்ட அளவுக்கு அவள் கையைத் தொட்டிருந்தால் கதையே வேறு.

"இன்னும் தேய்ச்சிட்டுதான் இருக்கியா?"

"வந்ததும் ஆரம்பிச்சிட்டியா? பாரு எப்படி மின்னுதுன்னு!"

மின்னத்தான் செய்தது. கதவு ஓரமாக ஓடும் அலுமினியப் பட்டையில் முகம் பார்த்துச் சவரம் செய்யலாம். பக்கத்துக் கார்க்காரர்கள் கை கொடுக்க, மெத்தை விரிப்போடு கூரையைத் தூக்கி மெல்ல இறக்கினார்கள். கொக்கிகள் ஒவ்வொன்றாகப் பொருந்தின. இத்தனை வருஷம் பிரிந்திருந்தும் மயிரிழை பிசகவில்லை.

மார்லிஸ் விரிப்பை இழுத்தாள்.

கூரையின் அடி விளிம்பைச் சுற்றி ஒரு பட்டை. இரண்டு பக்கமும் நெளிந்து வளைந்த ஒரு கம்பி. குதிரை வண்டிக் காலத்தில் கூரையை மடக்க வைத்த கம்பியின் சாயல் அது. இங்கே எதையும் மடக்காது, வெறும் அழகு. ஏரி மேல் மேகம் விலகி வெயில் வந்து அதில் விழுந்தது. கண்ணைக் கூசவில்லை. கறந்த பாலின்மேல் விழுந்த வெளிச்சம்போல மெத்தென்று நின்றது. பக்கத்தில் பேசிக்கொண்டிருந்தவர்கள் நெருங்கி வந்தார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றினார். மார்லிஸ் ஓர் அடி பின்வாங்கிப் பார்த்தாள். இதுவா என் தலைக்குமேல் தொங்கிக்கொண்டிருந்தது? இத்தனை அழகையா திட்டிக்கொண்டே கீழே பெட்டிகளை அடுக்கினேன்?

நடுவராக வந்த கோரின் வழக்கப்படி கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு குனிந்தாள். அங்கே கேட்காமல் யாரும் யாருடைய காரையும் தொட மாட்டார்கள். குனிந்தவள் வெகுநேரம் நிமிரவில்லை.

"இது ஃபேக்டரில குடுத்த மினுமினுப்புங்க. அலுமினியத்து மேல மெல்லிசா ஒரு தோல் மாதிரி இருக்கும். பாலிஷ் பட்டா போயிடும். நான் இத படத்துலதான் பாத்திருக்கேன். யாருங்க இவ்ளோ பத்திரமா வெச்சிருந்தது?"

"பத்திரமாவா? கோவத்துல மூடிப் போட்டேன். அவ்ளோதான்," என்றாள் மார்லிஸ்.

டுவெய்ன் கூரையின் பட்டையைப் பார்த்தான். அதற்குக் கீழே ஒட்டினாற்போல் ஓடிய தன் காரின் பட்டையைப் பார்த்தான். ஒன்று ஒளியை உள்ளே வாங்கி வைத்திருந்தது. மற்றது வாங்கிய கையோடு திருப்பி வீசியது.

"அப்ப என்னோடது?"

"நீங்க ரொம்ப ஆசையா தேய்ச்சிருக்கீங்க," என்றாள் கோரின் மெதுவாக. நகர்ந்தும் போனாள்.

டுவெய்னுடைய கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. துணி வெளியே வந்து கூரையை நோக்கி நீண்டது.

"டுவெய்ன்! கை!"

அவன் தன் கையையே யாரோ ஒருத்தன் கை மாதிரி பார்த்தான். துணியைத் திரும்பப் பைக்குள் திணித்தான்.

"வேணாம் மார்லிஸ். நீயே கொண்டு போயிடு. என் கை சும்மா இருக்காது. அடுத்த பனிக்குள்ள இதையும் கண்ணாடி ஆக்கிடுவேன்."

சேர்ந்து வாழ்ந்த காலம் முழுக்க அவன் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவள் ஃபிளின்ட் கடைக்காரரின் திருப்புளியை நினைத்தாள். இரண்டு பட்டைகளும் பின்கண்ணாடி வரை ஒரே கோடாக ஓடுவதைப் பார்த்தாள். அந்தக் கோட்டை வெட்ட அவளுக்கு மனசு வரவில்லை.

"டிக்கியத் தொற," என்றாள்.

"எதுக்கு?"

"கூரை உங்கிட்ட இருக்கட்டும். டப்பா எல்லாத்தையும் என் வண்டில ஏத்து."

"எல்லாத்தையுமா?"

"ஒண்ணு விடாம."

அவன் டிக்கியைத் திறந்தான். மெழுகு, பசை, பாலிஷ் என்று கை நிறைய அள்ளிக்கொண்டு வந்து அவளுடைய பிக்கப் வண்டியில் வைத்தான். கூரை இருந்த இடத்தில் டப்பாக்கள் உருண்டன. அவள் வண்டியைக் கிளப்பினாள். அதற்குள் அவன் மூச்சிரைக்க ஓடிவந்து ஜன்னலைத் தட்டினான்.

"இது விட்டுப்போச்சு," என்று மஞ்சள் துணியை நீட்டினான்.

வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். புல்வெளி வாசலில் திரும்பும்போது பக்கக் கண்ணாடியில் பார்த்தாள். டுவெய்ன் தன் சொந்தக் காருக்கு முன்னால், கைகளை முதுகுக்குப் பின்னால் இறுகக் கோத்துக்கொண்டு நின்றிருந்தான்.