யோரிஸ் உட்கார்ந்த படம்

லெய்டன் நகரக் காவல் அதிகாரி வௌட்டர் தொப்பியைக் கழற்றாமலே உள்ளே வந்தபோது மாக்டெல்ட் நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவள் புருஷன் யோரிஸைக் கால்வாயிலிருந்து தூக்கி இரண்டு நாளாகிறது. வழுக்கி விழுந்தான் என்று அதிகாரி எழுதினால் தேவாலய மணி அடித்து அடக்கம். தானே குதித்தான் என்று எழுதினால் தூக்குமேடைத் திடலில் ஒரு குழி. மணியும் கிடையாது, பாதிரியாரும் வரமாட்டார்.

"கோட்டைக் கழட்டி ஒழுங்கா மடிச்சு வச்சிருக்காரும்மா. வழுக்கி விழுறவன் கோட்டை மடிப்பானா?"

"குடிச்சிருந்தா பூட்ஸைக்கூட மடிச்சு வைப்பாருங்கய்யா அவரு. இந்தப் படத்தைப் பாருங்க. போன மாசம் வரைஞ்சது. சாகப்போற மனுசன் மூஞ்சியா இது?"

படத்தில் யோரிஸ் இதே முன்னறையில்தான் உட்கார்ந்திருந்தான். சன்னல் வெளிச்சம், மேசையில் அவள் வைத்த மீன் தட்டு, முழங்கால்களுக்கிடையில் அவன் பிழைப்புக்கு வாசிக்கும் பெரிய நரம்பு வாத்தியமான வயோல். கையில் வில், உதட்டில் சிரிப்பு.

"சிரிக்கத்தான் செய்யறாரு," என்றார் வௌட்டர். "இப்ப வாசிக்கப் போறாரா, வாசிச்சு முடிச்சுட்டாரா?"

காட்டுவதற்காக விரலை நீட்டியவள் அப்போதுதான் படத்திலிருந்த வயோல் நரம்புகளைப் பார்த்தாள். ஆறும் தொய்ந்து கிடந்தன. தூங்கப் போகும்போதுகூட யோரிஸ் நரம்பை இறுக்கும் முறுக்காணியைத் தளர்த்தமாட்டான். அவன் அப்பா இறந்த அன்று, அவருடைய வயோலை மட்டும் தளர்த்தினான். "இனிமே இதை யாரும் தொடப்போறதில்லை" என்றான். ஓவியனோ மேசை விரிப்பின் கறையைக்கூட விடாமல் வரைகிறவன். இல்லாததை வரைந்திருக்க மாட்டான்.

"சொல்லும்மா, வாசிக்கப் போறாரா, முடிச்சுட்டாரா?"

"வாசிக்கப் போறாருங்கய்யா," என்றாள். "ஒரு கல்யாணத்துக்குப் பழகிட்டிருந்தாரு."

வௌட்டருக்கு வயோலும் ஒன்றுதான், விறகுக்கட்டையும் ஒன்றுதான். வழுக்கி விழுந்ததாக எழுதிவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

மறுநாள் மணி அடித்தது. தெருவே கூடி வந்தது. பொய் சொன்னது மாக்டெல்டை உறுத்தவில்லை. உறுத்தியது வேறு: படத்துக்காக மூன்று வாரம் அவன் அந்தத் தொய்ந்த நரம்புகளோடு உட்கார்ந்திருந்தான். மூன்று வாரமும் அவள் துடைப்பமும் கையுமாகக் குறுக்கே போய் வந்தாள், தரையில் சாயம் சிந்தியதென்று ஓவியனிடம் சண்டை போட்டாள். காலையும் மாலையும் காதைத் துளைக்கும் அந்த வயோல் ஓய்ந்ததே, அப்பாடா என்றுகூட இருந்தது அவளுக்கு.