விடைத்தாளின் பின்பக்கம்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். குன்றத்தூர் பஸ்ஸில் விடைத்தாள் திருத்தும்போது கவிதை வந்தால், கையில் இருக்கும் தாளின் பின்பக்கத்திலேயே எழுதிவிடுவேன். வீட்டுக்கு வந்து நோட்டில் எடுத்துக்கொள்வேன். இந்த முறை மறந்து தொலைத்தேன். ஏழு வருஷத்துக்குப் பிறகு இப்போதுதான் வரப்போகும் என் புத்தகத்தின் கடைசிக் கவிதை, அன்னக்கிளியின் விடைத்தாளோடு போய்விட்டது. யோசித்தால் ஒரு கொக்குதான் ஞாபகம் வருகிறது, வரி வரவில்லை.

பதிப்பாளர் அப்பாவு காலையிலேயே கறாராகச் சொல்லிவிட்டார். "சாயந்தரம் ஆறு மணிக்கு அச்சுக்குப் போவுது எழிலரசி மேடம். அதுக்குள்ள வரலேன்னா அந்தக் கவிதை இல்லாமதான் புக்கு."

அன்னக்கிளி திசையன்விளைப் பெண். செல்போன் கம்பெனி லைனில் நின்று போனுக்கு மூடி பொருத்தும் வேலை. ஞாயிற்றுக்கிழமை என்னிடம் அஞ்சல்வழி பி.ஏ. வகுப்பு. போன் போட்டேன், எடுக்கவில்லை. ஷிப்டுக்குள் போய்விட்டால் இரவுதான் வெளியே வருவாள். ஒன்றரை மணிக் கம்பெனி பஸ்ஸுக்கு முன்னால் அவளைப் பிடிக்கச் சுங்குவார்சத்திரத்துக்கு ஓடினேன். ஐம்பது வயதில் ஓட்டம்!

டீக்கடை ஓரத்தில் நின்றிருந்தாள். "அந்தப் பேப்பரு இன்னா ஆச்சும்மா?" என்றேன் மூச்சு வாங்க. பையிலிருந்து எடுத்தாள். நாலாக மடித்துப் பத்திரமாக வைத்திருந்தாள். எனக்கு உயிர் வந்தது.

அவள் கை
நிமிடத்துக்கு ஆறு போன் மூடுகிறது.
கை நிற்கும்போது
ஜன்னலில் ஒரு கொக்கு போகிறது.

கடைசி வரியின் மேல் பென்சில் கோடு!

"யாரும்மா இதை அடிச்சது?"

"நான்தான் மிஸ். எனக்குன்னு எழுதிக் குடுத்திருக்கீயன்னு நெனச்சேன்." தலையைக் குனிந்துகொண்டாள். "எங்க லைன்ல ஜன்னலே கெடையாது மிஸ். கை நின்னா ஆரஞ்சு லைட்டு எரியும். அம்புட்டுப் பேரும் நம்மளத்தான் பாப்பாவ."

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இருபத்திரண்டு வருஷமாகக் கவிதை எழுதுகிறவளின் வரியை அடிப்பதா? அந்தக் கொக்கு செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் நானே கண்ணால் பார்த்தது. ஆனால் பார்த்தது பஸ்ஸில் சொகுசாக உட்கார்ந்திருந்த நான். லைனில் நிற்கிறவள் இவள். 'பார்த்ததை எழுதுங்கள்' என்று ஞாயிறுதோறும் தொண்டை கிழியக் கத்துகிறவளும் நான்தான். வெட்கமாகப் போய்விட்டது.

"இன்னொரு தடவை சொல்லு," என்றேன். அங்கேயே போனில் தட்டிப் பதிப்பாளருக்கு அனுப்பினேன்.

கை நிற்கும்போது
ஆரஞ்சு விளக்கு எரிகிறது.
எல்லோரும் அவளைப் பார்க்கிறார்கள்.

நன்றிப் பக்கத்தில் அன்னக்கிளி பெயரையும் சேர்க்கச் சொன்னேன். மனசு லேசாகிவிட்டது. கொக்கு போனால் போகட்டும்.

பஸ் வந்தது. ஏறியவள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். "மிஸ், முன்பக்கம் பதினோரு மார்க்குதான் போட்டிருக்கீய!"

தாளைத் திருப்பினேன். பதினொன்றுக்குக் கீழே என் சிவப்பு மையில் எழுதியிருந்தது: 'கேட்டதற்கு மட்டும் பதில் எழுதவும்.'

"மார்க்கு அதேதான், போ!" என்று சிரித்தேன். அந்தச் சிவப்பு வரியை மட்டும் அடித்துவிட்டுத் தாளை அவளிடமே நீட்டினேன்.