கம்பி என்றால் கயிறு

படாரென்று கதவு சுவரில் மோதியது. ஷாம்பெயின் தட்டோடு நின்ற பணியாளர் பதறியதில் மூன்று கோப்பைகள் தரையில் சிதறின. உள்ளே வந்தவள் க்ளோத்தில்த். அவளை யாரும் அழைக்கவில்லை.

ஃபெர்னான் கிரிவெலின் எண்பதாவது பிறந்தநாள் விருந்து அது. ரூவானில் ஒரு ரொட்டிக்கடைக்காரருக்குப் பிறந்து, பாரிஸுக்கு ஓடிவந்து, பத்தொன்பது படம் எடுத்த இயக்குநர். காலையில்தான் மந்திரி அவர் மார்பில் பதக்கம் குத்தியிருந்தார். இப்போது அதன்மேல் சிப்பிச்சாறு ஒழுகிக்கொண்டிருந்தது. கட்டைவிரலால் வழித்து நக்கினார். பதினோரு படங்களில் அவருக்குக் காட்சித் தொடர்ச்சிக் குறிப்பு எழுதிய நான் என் தட்டைத் தள்ளி வைத்தேன்.

"உகெத், கம்பிக் கதையை எடுத்து விடட்டா?" என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். விருந்தின் இரைச்சலில், தூணருகே போய் நின்ற க்ளோத்தில்தை அவர் கவனிக்கவில்லை.

எங்கள் படப்பிடிப்பில் 'கயிறு' என்ற சொல்லே ஆகாது, அபசகுனம். வாய்தவறிச் சொன்னவர் எல்லோருக்கும் ஒயின் வாங்கித்தர வேண்டும். அதனால் கயிற்றைக் 'கம்பி' என்போம். முப்பது வருடங்களுக்கு முன் லுவார் ஆற்றில் க்ளோத்தில்த் மூழ்கும் காட்சி. இடுப்பில் கட்டிய கயிறு பாறையில் சிக்கிக்கொண்டது. மறுமுனையைப் பிடித்திருந்தவன், "கம்பி! கம்பி!" என்று அலறினான். பதற்றத்தில் எங்கள் வழக்கமே மறந்து, தண்ணீரில் விளக்கின் மின்கம்பி விழுந்துவிட்டதென்று நினைத்து, ஆற்றில் நின்றவர்கள் அத்தனை பேரும் கரைக்குத் தாவினோம். நானும்தான்.

அவளை வெளியே இழுத்தபோது முகம் நீலம் பாரித்திருந்தது. நுரையீரல் கெட்டது, நடிப்பும் அத்தோடு போயிற்று. அந்தக் காட்சிதான் ஃபெர்னானுக்கு முதல் பரிசு வாங்கிக் கொடுத்தது. 'எனக்கு எதுவும் தெரியவில்லை, நடிக்கிறாய் என்றே நினைத்தேன்' என்று மருத்துவமனைக்குப் பூவோடு சீட்டு அனுப்பினார்.

போன வாரம் தொலைபேசியில் அவள் கேட்டது ஒன்றுதான். "அவர் பார்த்தாரா, இல்லையா? அது மட்டும் தெரிஞ்சா போதும் உகெத்."

இப்போது கதை சொல்லும் ஃபெர்னான் நாற்காலியில் ஏறாத குறை. "தவளைக் கூட்டம் மாதிரி குதிச்சாங்கய்யா! நான் மட்டும் கேமராவை விட்டு அசையல. லென்ஸுல பளிச்சுன்னு தெரியுது, பாறை இடுக்குல கயிறு விறைச்சுப்போய் நிக்குது..."

"கயிறுன்னுட்டீங்க! எல்லாருக்கும் ஒயின்!" என்று யாரோ கத்த, அரங்கமே சிரித்தது. விமர்சகர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப பார்த்திருக்கீங்க" என்றபடி க்ளோத்தில்த் முன்னே வந்தாள். மூச்சு இரைத்தது.

சிரிப்பு அறுந்தது.

"அடடே, க்ளோத்தில்த்! வா கண்ணு, சிப்பி சாப்பிடு."

"நான் செத்துக்கிட்டிருந்தேன். ஒரு சத்தமாவது போட்டிருக்கலாமே?"

அவர் முகத்தில் வெட்கத்தின் நிழல்கூட இல்லை. தட்டில் கொழுத்த சிப்பியாகப் பார்த்து எடுத்து, எலுமிச்சம்பழம் பிழிந்தார்.

"கேமராவுல இன்னும் நாப்பது விநாடி ஃபிலிம் மிச்சம் இருந்துச்சும்மா."