நானூற்றுப் பன்னிரண்டு பள்ளங்கள்

ஆற்றின் வடிநிலத்தை வரைவது சுலபம். நிலத்தின் உயரங்களைக் கணினியில் ஏற்றினால், எந்தத் துளி எந்தப் பக்கம் இறங்கும் என்று அதுவே கோடு போட்டுவிடும். ஒரே தொல்லை பள்ளங்கள். பள்ளத்தில் இறங்கிய கோடு அங்கேயே நின்றுவிடும். பெரும்பாலான பள்ளங்கள் அளவெடுத்ததில் வந்த பிழை என்பதால் நிரப்பிவிட்டு வரைவது வழக்கம். அதற்கு முன்னால், நேரில் போய்ப் பார்த்தவர் நிஜப் பள்ளங்களைக் குறித்துத் தர வேண்டும்.

எங்களுக்கு வந்தவை நானூற்றுப் பன்னிரண்டு. நேரில் போனது என் அக்கா. மீன் எண்ணுவது அவள் வேலை. வாரக்கணக்கில் நடந்துவிட்டு ஒரே ஒரு பள்ளத்தைக் குறித்து அனுப்பினாள். கோடையில் ஆறு வற்றியதும் மிச்ச மீனெல்லாம் ஒதுங்கும் மடு அது.

அவள் அனுப்பியதை நான் திறக்கவில்லை. அதற்கு முந்தின நாள்தான் அம்மா எதிரில் அவள், “படிப்பையும் பாதியில விட்ட, நைட் ஷிஃப்டையும் பாதியில விட்ட. இதையாவது முடிச்சுத் தொலை” என்றிருந்தாள். முடித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் நிரப்பு என்று அழுத்திவிட்டு, வரைபடத்தை அன்றே அனுப்பினேன்.

அதை வைத்துத்தான் காக்க வேண்டிய நீர்நிலைகளின் பட்டியலைப் போட்டார்கள். மடு அதில் இல்லை. இல்லாத மடுவின் மேல் சாலை போட யாருக்கு என்ன தடை? எட்டு மாதத்தில் லாரிகள் மண் கொட்டின.

மறுநாள் மதியம் அக்கா அலுவலகத்துக்கு வந்தாள். பூட்ஸில் சேறு காய்ந்திருந்தது.

“மேப்பைக் காட்டு.”

காட்டினேன்.

“எவ்ளோ அழகா ஓடுது தண்ணி. எங்கயும் நிக்கல பாரு.”

“நீ அனுப்புனத நான் திறக்கவே இல்லக்கா.”

“தெரியும். திறந்திருந்தா நொட்டை சொல்லாம விட்டிருப்பியா? நீ வாயை மூடிட்டு இருந்தப்பவே நான் சுதாரிச்சிருக்கணும்.”

“மீனு?”

“கையில கிடைச்சது பத்தொன்பது. என் வீட்டு பாத்ரூம் தொட்டில கிடக்கு. குளிக்க வழியில்லன்னு அம்மா கரிச்சுக் கொட்டுறாங்க. குழாய்த் தண்ணி ஒத்துக்கல. காலையில ஏழு மிதந்துச்சு.” நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “மிச்சத்த விட ஒரு எடம் வேணும். நீ மூடுன பள்ளத்தையெல்லாம் திரும்பக் கொண்டா.”

நிரப்பாத பழைய கோப்பைத் திறந்தேன்.

“இது?”

“கல்லு வெட்டுன குழி. வெயில்ல காஞ்சிடும்.”

“இது?”

“சாக்கடை விழுது.”

“இது பெருசா இருக்கே?”

“அது பள்ளமே இல்லடா. அளவெடுத்தவன் பண்ண தப்பு.”

நூறைத் தாண்டியிருப்போம். அவள் போன் அடித்தது. அம்மா.

“எல்லாமா?” என்று கேட்டாள். 

“சரிம்மா. தொட்டியக் கழுவிட்டுக் குளிங்க.”