இன்னும் ஒண்ணு

கொள்ளிக்குடத்தைப் பிடுங்கப் பார்த்தான் ராமசுப்பு. லோகநாதன் விட்டால்தானே!

"அண்ணாத்தே, சொன்னா கேளு. தடி இல்லாம நாலு எட்டு வெக்க மாட்டே. மூணு சுத்து சுத்தணும். நானும் அவரு தம்பி புள்ளதானே, நான் எடுக்கிறேன். நடுவுல குடத்தோட விழுந்து வெச்சா பெரிநைனாவுக்குத்தான் அசிங்கம்."

"வேற எவனாச்சும் என் குடத்தத் தூக்கினா எய்ந்து வந்து ஒதைப்பேன்னு சொல்லிக்கினே இருந்தாரு எங்க நைனா. ஒத வாங்க நீ ரெடியா?"

ராமசுப்பு கையை எடுத்துவிட்டான். லோகநாதனின் அப்பா பக்தவச்சலம் சொன்னால் செய்கிற ஆள். எழுபத்தைந்து வயதில், காலையில் டீயைக் குடித்துவிட்டு, கிளாசைக் கீழே வைப்பதற்குள் போய்விட்டார். கல்யாணச் சாவு. கல்மண்டபத்து வீட்டிலிருந்து சுடுகாடு வரைக்கும் மேளமும் ஆட்டமுமாகத்தான் கொண்டுவந்தார்கள். அழுதவர்கள்கூட நடுவில் அவர் அடித்த கூத்துகளைச் சொல்லிச் சிரித்தார்கள்.

எண்ணூர் உறவுகள் வந்துசேர நேரமாகி, வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. அதுதான் வம்பு. லோகநாதனுக்கு ஆறு வருடமாக நரம்பு வியாதி. டாக்டர் சொன்ன இங்கிலீஷ் பெயர் கூட்ஸ் வண்டி நீளம் இருந்தது. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் உடம்பு சூடானால் கால் துவளும், கண்ணை மூடினால் ஆள் சாய்வான் என்பதுதான். அவன் பெண்சாதி வேம்பு ஈரத்துண்டைத் தலையில் கட்டி அனுப்பியிருந்தாள். அது எப்போதோ காய்ந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் ரோஸ்மேரி நர்சம்மாதான் அவனை மறுபடி நடக்கவைத்தாள். குதிகாலை முதலில் ஊன்று, திரும்பும்போது பொடி அடியாக வை, கண் ஒரே இடத்தில் நிற்கட்டும் என்பாள். வீட்டிலும் தினம் நடக்கவேண்டும். இருப்பதோ ஒற்றை அறை, நடுவில் நைனாவின் கயிற்றுக்கட்டில். அதைத்தான் சுற்றிச் சுற்றி வந்தான். துறைமுகத்தில் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டிய காலத்துக் குரலில் நைனா படுத்தபடியே அதட்டுவார்.

"காலப் பாக்காதேடா. என் மூஞ்சியப் பாரு. இன்னா அயகா கீது!"

அப்புறம் ஒருநாள், தண்ணீர்க் குடத்தை இடது தோளில் வைத்துக்கொண்டு சுற்றச் சொன்னார். அதுவும் எப்போதும் இடப்பக்கமாக.

"நர்சம்மா ரெண்டு பக்கமும் சுத்தச் சொன்னாங்க நைனா."

"அவங்களுக்கு இன்னா தெரியும்? நீ நான் சொல்றதச் செய்."

மூன்று சுற்று முடித்து மூச்சு வாங்க நிற்பான். நைனா ஒற்றை விரலை ஆட்டுவார். "இன்னும் ஒண்ணு."

வெட்டியான் குடத்தைத் தூக்கி லோகநாதனின் இடது தோளில் வைத்தார். மேளம் நின்றது. வறட்டிக்கு நடுவே மூடாமல் விட்டிருந்த நைனாவின் முகத்தைப் பார்த்தபடி இடப்பக்கமாக அடி வைத்தான். குதிகால். பொடி அடி. அடுக்கியிருந்த கட்டையும் அந்தக் கட்டில் அளவுதான் இருந்தது.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. குடம், இடது தோள், இடப்பக்கம், மூன்று சுற்று.

"அடப்பாவி நைனா!" என்று வாய்விட்டுச் சிரித்துவிட்டான். வெயில் தலைக்கேறிவிட்டது என்று ராமசுப்பு பயந்துபோய்ப் பக்கத்தில் வந்தான்.

முதல் சுற்று முடிந்ததும் வெட்டியான் குடத்தில் ஓட்டை போட்டார். வெந்துகொண்டிருந்த முதுகில் குளுகுளுவென்று தண்ணீர் ஓடியது. துவளப்பார்த்த காலுக்கு உயிர் வந்தது. இரண்டாவது ஓட்டைக்கு இன்னும் நிமிர்ந்தான். மூன்றாவதும் முடிந்தது. அவன் நிற்கவில்லை.

"மூணு ஆச்சுப்பா. பின்னால போட்டுடு" என்றார் வெட்டியான்.

"இருங்க. எங்க நைனாவுக்கு இன்னும் ஒண்ணு வேணும்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. யாரும் சொல்லாமலே மேளக்காரர் அவன் அடிக்கு ஏற்ப ஒவ்வொரு தட்டாகத் தட்டினார். சந்தோஷத்தில் லோகநாதனுக்கு நெஞ்சு விம்மியது. நான்காவது சுற்றும் முடிந்து, காலிக்குடம் பின்னால் விழுந்து உடைந்தது.

கொள்ளி வைத்தால் திரும்பிப் பார்க்காமல் போகவேண்டும். வைத்துவிட்டு ஏழெட்டு அடி கை வீசி நடந்தான். வாசலருகே மணல் ஆரம்பித்தது. நின்றான். முகத்தைத் திருப்பாமல் கையை மட்டும் பின்னால் நீட்டினான். ராமசுப்பு ஓடிவந்து அதில் தடியை வைத்தான்.